கடலூர், புதுச்சேரி வட்டாரக் காட்டுயிர்களைப் பார்க்கப் பழகுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

காட்டுயிர் பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்கோ டாப்ஸ்லிப்புக்கோ போக வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்த நானும் முப்பது வயது வரை அப்படித்தான் இருந்தேன். ஒரு மாசி மாதக் காலையில் பாகூர் ஏரிக்கரையில் வண்டி பஞ்சராகி நின்றது. பஞ்சர் போடுபவர் வந்து சேர்வதற்குள், உடம்பெல்லாம் கறுப்பாக, நெற்றியில் மட்டும் வெள்ளை தீட்டிய பறவைகள் நூற்றுக்கணக்கில் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "நாமக்கோழிப்பா. நெத்தியில நாமம் தெரியல?" என்றார். அந்த ஏரியைத் தாண்டி எத்தனையோ வருடம் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் ஏரி, வயல், செம்மண் மேடு, அலையாத்திக் காடு, கடற்கரை ஐந்தும் இருக்கின்றன. இத்தனை வகை நிலம் இவ்வளவு நெருக்கமாக அமைந்த ஊர் அதிகம் கிடையாது. எந்த நிலத்துக்கு எந்த மாதம், எந்த நேரம் போவது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முதலில் நிலத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு தாளில் நம் வட்டாரத்தை வரையுங்கள். கிழக்கே கடல். அதில் வடக்கிலிருந்து தெற்காகத் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் வந்து சேர்கின்றன. ஆறு கடலைத் தொடும் இடமெல்லாம் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்த கழிமுகம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அந்தக் கழிமுகம் விரிந்து பிச்சாவரம் காடாகிறது.

மேற்கே திரும்பினால் செம்மண். கடலூர் கேப்பர் மலை, பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம், வடக்கே ஆரோவில் மேடு எல்லாம் ஒரே குடும்பம். நிலவியலில் இதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் இந்தப் பாறை அடுக்கில் இருந்தவைதான். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, சட்டென்று இறங்கிவிடும். அதனால் அங்கே முள்ளும் புதரும் தடித்த இலை மரமும் இருக்கும். பள்ளத்தில் களிமண். தண்ணீர் தேங்கும் அந்த இடத்தில் ஏரியும் நெல்வயலும் இருக்கின்றன. உடும்பும் முயலும் மேட்டில், நாரையும் தவளையும் பள்ளத்தில் இருப்பதற்குக் காரணம் இந்த மண்தான்.

வரைந்த தாளில் உங்கள் வீட்டைக் குறித்துக்கொண்டு, சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு ஏரியையோ குளத்தையோ தேர்ந்தெடுங்கள். ஒரு வருடத்துக்கு அதுதான் உங்கள் இடம். மற்ற இடங்களுக்கு எப்போதாவது போனால் போதும், இந்த ஓர் இடத்துக்கு மாதம் இரண்டு முறையாவது போங்கள்.

படி 2: மாதத்தைப் பாருங்கள்

எங்கள் வட்டாரத்துக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் நடக்கிறது. மழை தொடங்கியதும் தவளைகளின் காலம். வயலோரக் குட்டையில் டார்ச் அடித்தால் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் பெரிய தவளைகள் கத்திக்கொண்டிருக்கும். கன்னத்துப் பை நீலமாக உப்பும். நச்சுத் தவளை என்று பயப்பட வேண்டாம். நம் பெருந்தவளையின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் போடும் நிறம் அது, சில நாளில் பழுப்புக்குத் திரும்பிவிடும். செம்மண் மேட்டில் இருப்பவர்கள் முதல் மழைக்கு மறுநாள் காலை தரையைப் பாருங்கள். சிவப்பு வெல்வெட்டில் தைத்தது மாதிரி வெல்வெட் பூச்சி ஊரும். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுதான்.

கார்த்திகையிலிருந்து வலசைப் பறவைகள் நிறையத் தொடங்கும். ஆனால் ஏரி முட்ட முட்ட நிரம்பியிருக்கும்போது பறவை பரவிக் கிடக்கும், கண்ணுக்கு எட்டாது. தை பிறந்து தண்ணீர் வடிய வடியக் கூட்டம் கரைக்குப் பக்கத்தில் சேரும். அதனால் ஏரிக்குத் தை, மாசிதான் சிறந்த காலம் என்பேன். அதே இரண்டு மாதமும் பங்குனியும் கடலாமைக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் பலாவும் பனையும் பழுக்கும்போது இரவில் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் சுறுசுறுப்பாக இருக்கும். பண்ருட்டிப் பலாத்தோப்புக்காரர்களைக் கேளுங்கள், எந்த மரத்துக்கு மரநாய் வருகிறது என்று விரலை நீட்டிக் காட்டுவார்கள்.

படி 3: ஏரியில் தொடங்குங்கள்

தொடக்கக்காரருக்கு ஏரியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மறைவு இல்லை, பறவை பெரிது, நின்று நிதானமாகப் பார்க்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஊசுட்டேரி இருக்கிறது. புதுச்சேரி அரசு 2008-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் ஒரு பாதி தமிழ்நாட்டு எல்லைக்குள் வருகிறது. நடுவில் பாகூர் ஏரி. கடலூருக்குத் தெற்கே குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி. காட்டுமன்னார்கோயிலை ஒட்டி வீராணம். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி அது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருவதால் மற்ற ஏரிகள் வற்றிய பிறகும் இதில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும்.

சூரியன் கிளம்பும்போது அங்கே இருங்கள். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். பைனாகுலர் இருந்தால் நல்லது, 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். முதல் மூன்று மாதம் அது இல்லாமலும் நடத்தலாம். பளிச்சென்ற சட்டை மட்டும் வேண்டாம்.

முதல் நாளே ஐம்பது பெயர் தேவையில்லை. கொஞ்சம் பெயரோடு ஆரம்பியுங்கள். நாமக்கோழி சொல்லிவிட்டேன். சின்னதாக, உருண்டையாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுகிக் காணாமல் போனால் முக்குளிப்பான். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி மேலே நீண்டால் பாம்புத்தாரா. கரையில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும் கறுப்புப் பறவை நீர்க்காகம். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. ஓட்டுக்குள் இருக்கும் நத்தையை வெளியே இழுப்பதற்கு ஏற்ற அலகு அது. தொண்டைக்குக் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. மடையானை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் பால் வெள்ளை.

தாமரை, அல்லி இலை படர்ந்த மூலையில் அதிக நேரம் செலவிடுங்கள். அங்கேதான் நீளவால் இலைக்கோழி நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம், அதனால் இலை அமுங்காது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண். இதை முதலில் கேட்டபோது என் அம்மா நம்பவே இல்லை. பிறகு ஒரு நாள் கூடவே வந்து, அந்தப் பறவையை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாத்துகள் வலசை வந்திருந்தால் ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் தேடுங்கள். வடக்கே ஆசியாவின் குளிர் நிலங்களிலிருந்து வருபவை. மொத்தக் கூட்டமும் திடீரென்று எழுந்தால் உடனே மேலே பாருங்கள். பெரும்பாலும் ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும்.

படி 4: "இது நம்ம ஊருதா?" என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளாமல் மேலே போக வேண்டாம். புதுச்சேரியின் அரசு மலர் நாகலிங்கம். கோயில்களில் பார்த்துப் பழகியதால் நம்முடையது என்று தோன்றும், ஆனால் அந்த மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பண்ருட்டி முந்திரி போர்த்துகீசியர் வழியாக பிரேசிலிலிருந்து வந்தது. ஏரிக்கரை முழுக்க நிற்கும் சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஏரியில் பிடிபடும் ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவினுடையது.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முந்திரித் தோப்பில் கீரியும் கௌதாரியும் வாழ்கின்றன. ஆனால் எது இங்கேயே தோன்றி இந்த மழைக்கும் மண்ணுக்கும் பழகியது என்று தெரிந்தால்தான், எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதும் தெரியும். பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நம்பி ஏமாற மாட்டோம்.

படி 5: செம்மண் மேடும் கோயில் காடும்

இந்தக் கரையோரத்தின் பழைய காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. உயரம் குறைவு, இலை தடிமன், கோடையிலும் பச்சை குறையாது. ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பவற்றில் பல ஐயனார் கோயில் காடுகள். சாமிக்குப் பயந்து மரம் வெட்டாததால் தப்பியவை. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு பார்க்க வேண்டிய இடம். உலக்கைப்பாலை, வீரை, காயா, காட்டு எலுமிச்சை என்று மரங்களின் பெயரை அங்கே பூசை செய்பவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகிற மாதிரியே போங்கள், பாதையை விட்டு உள்ளே மிதிக்க வேண்டாம். சில ஏக்கர்தான் மிஞ்சியிருக்கிறது, முளைத்திருக்கும் கன்று காலில் பட்டால் போச்சு.

ஆரோவில் 1968-ல் தொடங்கியபோது அந்த மேடு மழை அரித்த செம்மண் பொட்டல். முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களை நிழலுக்கு வைத்து, அந்த நிழலில் நம் காட்டு மரங்களை வளர்த்தார்கள். இப்போது அந்தப் பக்கம் மாலை மங்கும்போது நரி ஊளையிடுவதைக் கேட்கலாம். ஐப்பசி வாக்கில் ஆறுமணிக்குருவியும் வரும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதால் பார்ப்பது கடினம், குரலை முதலில் பழகுங்கள்.

படி 6: பிச்சாவரம், தண்ணீர் வற்றும் நேரத்தில்

பிச்சாவரம் போகிற பலர் படகில் ஒரு சுற்றுச் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்புநிலம் அது. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்.

இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒன்று, துடுப்புப் படகையே கேளுங்கள், இன்ஜின் சத்தத்தில் எதுவும் பக்கத்தில் இருக்காது. இரண்டு, தண்ணீர் எப்போது வற்றும் என்று படகுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் வற்றும் நேரத்தில்தான் சேறு வெளியே தெரியும், சேற்றில்தான் எல்லாம் நடக்கிறது. ஆண் பிடில் நண்டு ஒரே ஒரு பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டும். கண் மேலே துருத்திய சின்ன மீன் துடுப்பை ஊன்றிச் சேற்றில் நடக்கும், தாவும். தோல் ஈரமாக இருக்கும் வரை அது வெளியே மூச்சுவிடும். உள்ளான்களும் நாரைகளும் அதே சேற்றுக்கு இரை தேடி வரும்.

மரங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரமாக வளைந்த தாங்கு வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும், பிறகு சேற்றில் விழுந்து ஊன்றும். சேற்றிலிருந்து பென்சில் குத்தி வைத்த மாதிரி மூச்சு வேர்கள் எழுந்திருந்தால் பக்கத்தில் வெண்கண்டல் இருக்கிறது. அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.

இந்தக் காடு இப்படியே இருந்துவிடவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தாழ்ந்து, கடல் தண்ணீர் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறி, எதுவும் முளைக்காத பொட்டலானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்க வழி செய்தது. உப்புக் கரைந்தது, கன்று நட்டார்கள், காடு திரும்பியது. 2004 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

படி 7: இரவுக் கடற்கரை

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். சித்தாமை என்றும் சொல்வார்கள். தாழங்குடா, தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை என்று நம் மணல் கரைகளுக்கு வருகிறது. ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை. 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரியும். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும். சூடு கூடினால் பெண்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். முதல் தடவை ஆமையைப் பார்த்த ஆசையில், அது மணலில் பாதி தூரம் ஏறியிருக்கும்போதே செல்போன் வெளிச்சத்தைப் போட்டேன். நின்றது, திரும்பியது, கடலுக்குள் போய்விட்டது. வயிறு நிறைய முட்டையோடு போனது. அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. ஆகவே வெளிச்சம் வேண்டவே வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். வனத்துறையினரும் தன்னார்வலர்களும் இரவில் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு அவர்களோடு நடங்கள். அது முடியாவிட்டால் விடிந்ததும் போங்கள். ஈர மணலில் சின்ன டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரி இரண்டு தடம் இருக்கும். ஒன்று வந்த வழி, ஒன்று போன வழி. குஞ்சுகளைக் கடலில் விடும் நாளைக் கேட்டுக் குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

செத்து ஒதுங்கிய ஆமையையும் பார்க்க நேரும். ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகிறது. தேதியையும் இடத்தையும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். தொட வேண்டாம்.

படி 8: பாம்பு, முதலை

வயலிலும் தோட்டத்திலும் நீங்கள் பார்க்கும் பாம்பில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு. உயிருக்கு ஆபத்தான நால்வரை மட்டும் நன்றாகப் பழகுங்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், அதனால் மழைக்காலத்தில் தரையில் படுக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், உடனே 108. இந்த நான்கு நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் போகிறவர்கள் முதலையை மறக்கவே கூடாது. கொள்ளிடம், பழைய கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. வெள்ளத்தில் வாய்க்கால் வழியாக ஊர்க் குளத்துக்கும் வந்துவிடும். வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறது. ஆற்றில் இறங்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். கரையில் மண் வழுக்கிய தடம் இருந்தால் அங்கே இறங்காதீர்கள். படம் எடுக்கத் தண்ணீர் ஓரம் உட்காருவதும் வேண்டாம். அந்த ஊர் மக்கள் "இங்க இறங்காதீங்க" என்றால் ஏன் என்று விசாரிக்காமல் அவர்கள் சொல்படி நடங்கள்.

படி 9: எழுதி வையுங்கள்

நாள், இடம், நேரம், தண்ணீர் அளவு, என்ன உயிர், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவு போதும். வீட்டுக்கு வந்து எழுதினால் மறந்துவிடும், அங்கேயே எழுதுங்கள். பறவைக்கு ஈபேர்ட், மற்றவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிடலாம். நட்சத்திர ஆமை மாதிரி ஆட்கள் திருடிக் கொண்டுபோகும் உயிர் என்றால் சரியான இடத்தை வெளியே சொல்லாதீர்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் ஏரியைச் சேர்த்துவிடுங்கள்.

எப்படி எழுதுவது என்று தயங்குபவர்களுக்காக என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்:

மாசி, ஞாயிறு. பாகூர் ஏரி தென்கரை. காலை 6.20 முதல் 8.00. தண்ணீர் பாதிக்கும் கீழே. நாமக்கோழி 140 வரை எண்ணினேன், அப்புறம் கூட்டம் கலைந்துவிட்டது. நத்தைகுத்தி நாரை 22, எல்லாம் மேற்கு மூலைச் சேற்றில். நீளவால் இலைக்கோழி 3. பாம்புத்தாரா 1, பெரிய மீனை விழுங்க முடியாமல் ஐந்து நிமிடம் போராடி விழுங்கியது. 7.10-க்குப் பூனைப்பருந்து, வாத்து எல்லாம் எழுந்தன. கருவேல மரத்தில் பழுப்பாக ஒரு சின்னக் குருவி, வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பெயர் தெரியவில்லை, அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும்.